சீட்டில்லாத 43 வெள்ளிக் காசுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் நடந்தது. உறுப்பினர் யாராவது இறந்துபோனால், அவர் சேர்த்த நாணயங்களைப் பட்டியலிட்டு விற்பதற்குக் குடும்பத்துக்கு உதவும் வழக்கம் அந்த ஊர் நாணயச் சங்கத்தில் உண்டு. அந்த வேலையைச் செய்த மூவரில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஊர், வயல், ஆட்கள் எதுவும் அடையாளம் தெரியாதபடி சில சிறு விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

இறந்தவர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். 1960-களின் நடுவில் சேகரிக்கத் தொடங்கியவர். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: 1066-இல் முதலாம் வில்லியம் வந்ததிலிருந்து 1485 வரை இங்கிலாந்தில் சுத்தியலால் அடித்த வெள்ளிக் காசுகள். தங்கத்தைத் தொடவில்லை, அதற்கு வசதியும் இல்லை. இடைக்கால வெள்ளி என்றதும் பெரும்பணம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் முதலாம் எட்வர்டின் சாதாரண லண்டன் பென்னி ஒன்றை இன்றும் சில பத்து பவுண்டுகளுக்கு வாங்கிவிடலாம். கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு, குவியல் குவியலாகப் புதைந்து, திரும்பக் கிடைத்த காசு அது. சம்பளக்காரர் ஒருவர் 40 ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்தால் நல்ல தொகுப்பு அமையும்.

அவருடையது அப்படித்தான் அமைந்திருந்தது. மஹோகனி மரப்பெட்டி, அதில் வட்டக் குழிகள் போட்ட தட்டுகள். ஒவ்வொரு காசுக்கும் அடியில் வட்டமாக வெட்டிய அட்டைச் சீட்டு. காசின் வகை, எடை, யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது என்பதெல்லாம் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும். பழைய சீட்டுகளில் விலை ‘37/6’ என்று ஷில்லிங், பென்ஸ் கணக்கில் இருந்தது. 1971 பிப்ரவரியில் பிரிட்டன் தசமக் கணக்குக்கு மாறியது. ஆக, அந்த விலையே வாங்கிய காலத்துக்குச் சாட்சி. இவை தவிர நீலத் துணி அட்டை போட்ட ஒரு பேரேடும் வைத்திருந்தார்.

அவர் இறந்த பிறகு மனைவியை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்காக மகன் தொகுப்பை விற்க முடிவு செய்தார். அவருக்கு நாணயங்களில் ஆர்வமில்லை, மறைக்கவும் இல்லை. 2017 ஜனவரியில் மரப்பெட்டியையும், கூடவே ஒரு தட்டையான புகையிலை டப்பாவையும் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். டப்பாவில் டிஷ்யூ தாளில் சுற்றிய காசுகள். சீட்டு ஒன்றுகூட இல்லை.

வருவதற்கு முந்தைய வாரம் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. நாணயச் சந்தை ஒன்றில் ஒரு வியாபாரியிடம் டப்பாவைக் காட்டியிருக்கிறார். அவர் உடனடி ரொக்கமாக 900 பவுண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, டப்பாவில் அழகாகத் தெரிந்த நான்கு காசுகளை எடுத்து, வெள்ளிச் சாமான் பளபளப்பாக்கும் திரவத்தில் முக்கி, மரப்பெட்டியில் காலியாக இருந்த குழிகளில் வைத்துவிட்டார். வெள்ளி என்றால் துலக்கத்தான் வேண்டும் என்ற நினைப்பு எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

பார்த்தது என்ன

மரப்பெட்டியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 96 காசுகளுக்குச் சீட்டு இருந்தது, பேரேட்டு எண்ணும் பொருந்தியது. வில்லியம் காலத்து ‘பாக்ஸ்’ வகை பென்னி (1833-இல் ஹாம்ப்ஷயர் போவர்த்தில் ஆயிரக்கணக்கில் கிடைத்ததால் நார்மன் காசுகளில் மிக எளிதாகக் கிடைப்பது), ஸ்டீபன் காலத்துக் கோணலான ஒன்று, மூன்றாம் எட்வர்டின் க்ரோட் (நான்கு பென்னிக் காசு), பிரான்சின் காலே நகரத்து அக்கசாலையில், அதாவது காசடிக்கும் இடத்தில், அடித்த ஆறாம் ஹென்றியின் க்ரோட் என்று வரிசையாக இருந்தன. மாதிரிக்குச் சிலவற்றை எடை போட்டோம். சீட்டில் இருந்த எடையே வந்தது. போலி என்று சந்தேகிக்க ஏதுமில்லை.

மகன் குழிகளில் வைத்த நான்கும் அந்த வரிசையில் துருத்திக்கொண்டு தெரிந்தன. மற்றவை ஆழ்ந்த சாம்பல் நிறம், இவை மட்டும் புதுக் கரண்டி மாதிரி மின்னின. சீட்டும் கிடையாது. அவற்றை டப்பாவோடு சேர்த்து எண்ணினால் மொத்தம் 43 துண்டுகள்.

டப்பாவில் இருந்தது ‘ஷார்ட் கிராஸ்’ பென்னி. இரண்டாம் ஹென்றி 1180-இல் கொண்டுவந்த வகை இது. அதற்கு முந்தைய காசு மிக மோசமாக அடிக்கப்பட்டது. பாதி எழுத்து விழுந்திருக்காது. 1807-இல் லிங்கன்ஷயரின் டீல்பி கிராமத்தில் பெருங்குவியலாகக் கிடைத்ததால் சேகரிப்பாளர்கள் அதை டீல்பி என்பார்கள். புதிய காசில் முன்பக்கம் செங்கோலோடு நேராகப் பார்க்கும் அரசன் முகம். பின்பக்கம் இரட்டைக் கோட்டால் ஆன குட்டைச் சிலுவை, நான்கு மூலையிலும் நந்நான்கு புள்ளிகள். சுற்றிலும் காசடித்தவர் பெயரும் ஊரும்: ‘ஏபெல் ஆன் லுண்டே’ என்றால் லண்டனில் ஏபெல் அடித்தது என்று பொருள். 1247 வரை இந்த வடிவம் நீடித்தது. வேடிக்கை என்னவென்றால், நடுவில் ரிச்சர்டும் ஜானும் ஆண்டு முடித்தும், காசில் ‘ஹென்ரிகஸ் ரெக்ஸ்’ என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. எல்லாம் இரண்டாம் ஹென்றி காசு என்று மகன் நினைத்ததில் தப்பில்லை; காசே அப்படித்தான் சொல்கிறது.

எந்த அரசன் காலம் என்பதை முகத்தையும் எழுத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அப்படிக் கால வரிசையில் பிரித்தவற்றை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எண்ணிட்டு அழைப்பார்கள். முதல் வகுப்பின் ஆரம்பக் காசுகளில் சுருள்முடி இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஐந்து. ரிச்சர்ட் காலத்தில் முகம் சீர்கெடுகிறது. 1205-இல் ஜான் பழைய காசைச் சீர்திருத்தியபோது வந்த ஐந்தாம் வகுப்பில் வேலைப்பாடு மறுபடி நேர்த்தியாகிறது. சுருள்களுக்குள் ஒரு புள்ளி இருக்கும். மூன்றாம் ஹென்றியின் ஏழாம் வகுப்பில் திரும்பவும் கரடுமுரடு. எண்ணிப் பார்த்ததில் 31 முழுப் பென்னி, 9 அரை, 3 கால். அரையும் காலும் தனிக் காசுகள் அல்ல, முழுப் பென்னியைச் சிலுவைக் கோட்டில் வெட்டியவை. வட்டமான அரைப் பென்னியும் கால் பென்னியான ஃபார்திங்கும் 1279-க்குப் பிறகுதான் பரவலாகப் புழங்கின. அதுவரை சில்லறை வேண்டுமென்றால் கத்தரிக்கோல்தான்.

முழுப் பென்னி 31-இல் 28 ஆங்கிலக் காசு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு ஜான் காலத்து ஐந்தாம் வகுப்பு. முதல் வகுப்பு மூன்று, நான்காவது மூன்று, ஆறாவது நான்கு, ஏழாவது ஆறு. அக்கசாலைகளில் லண்டனும் கேண்டர்பரியும் அதிகம். நாரிச், பரி செயிண்ட் எட்மண்ட்ஸ், லிங்கன், வின்செஸ்டர் ஒன்றிரண்டு, இப்ஸ்விச் ஒன்று. மிச்சம் மூன்றில் இரண்டு ஸ்காட்லாந்து அரசர் ‘சிங்கம்’ வில்லியமுடையவை, மூலைகளில் புள்ளிக்குப் பதில் நட்சத்திரம், ‘ஹியூ வால்டர்’ என்று காசடித்த இருவர் பெயர், ஊர்ப்பெயர் இல்லை. கடைசி ஒன்று ஜான் அயர்லாந்துக்காக டப்ளினில் அடித்தது, முகம் முக்கோணத்துக்குள் இருக்கும்.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த மூன்று காசுகள்தான். இறந்தவர் 40 ஆண்டுகளாக ஆங்கிலக் காசு தவிர வேறொன்று வாங்காதவர். வகைக்கு ஒன்று என்பது அவர் விதி. ஒரே வகையில் பன்னிரண்டு வாங்கும் ஆள் இல்லை. வெட்டிய கால் காசை மரப்பெட்டியில் வைக்கவே மாட்டார். ஆனால் 1220-களில் ஒருவருடைய மடிச்சீலையைக் கொட்டினால் இதுதான் விழும்: பெரும்பாலும் அண்மைக் காலத்துக் காசு, தேய்ந்த பழையது சில, ஒரே எடை என்பதால் யாரும் கேள்வி கேட்காமல் வாங்கிய ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் காசு சில, வெட்டிய சில்லறை. 1247-இல் வந்த ‘லாங் கிராஸ்’ ஒன்றுகூட இல்லை. காசை ஓரத்தில் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கச் சிலுவையை விளிம்புவரை நீட்டிய வகை அது. அது இல்லையென்றால் இந்தக் காசுகள் அதற்கு முன்பே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

மற்ற அறிகுறிகளும் அதே பக்கம் காட்டின. துலக்காத 39-இலும் ஒரே மங்கல் சாம்பல் படலம். எழுத்துகளின் பள்ளத்தில் செம்பழுப்பு மண். இரண்டு காசுகள் அரிப்பால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கடையிலோ ஏலத்திலோ வாங்கிய காசு இப்படி வராது.

மதிப்பைக் கூட்டினால் 36¼ பென்னி, அதாவது மூன்று ஷில்லிங்கும் ஒரு ஃபார்திங்கும். அந்தக் காலத்துக் கூலியாளுக்கு நாளைக்கு ஒன்று, இரண்டு பென்னி. பெரிய செல்வம் இல்லை, சில வாரச் சம்பளம்.

சட்டம் சொல்வது

இங்கே சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கான 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 1997 செப்டம்பர் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தனியாகக் கிடைத்த ஒரு பழைய காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனால் ஒரே கண்டுபிடிப்பைச் சேர்ந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காசுகள், 300 ஆண்டுக்குக் குறையாத வயது, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ என்றால் அது புதையல். கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் கொரோனருக்கு (திடீர் மரணங்களோடு புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். நாள் கணக்கு, எடுத்த நாளிலிருந்தோ, புதையலாக இருக்கலாம் என்று அவருக்குப் புரிந்த நாளிலிருந்தோ தொடங்கும். தெரிவிக்காவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இறந்தவரின் குடும்பம் கண்டெடுத்தவர்கள் அல்ல. ஆனாலும் புதையல் என்றால் அதன் உரிமை அரசுக்குப் போய்விடும். குடும்பத்தினரிடம் இருப்பது டப்பா மட்டும்தான், அதற்குள் இருப்பதை விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

எடுத்த முடிவுகள்

மூன்று பேரும் ஒரே கருத்தில் இல்லை. மூத்தவர் ஒருவர் விடாமல் எதிர்வாதம் செய்தார். பழைய பெருங்குவியல்கள் சிதறித்தான் சந்தைக்கு வந்தன என்றார். 1864-இல் மான்செஸ்டர் அருகே எக்கிள்ஸில் ஆயிரக்கணக்கான ஷார்ட் கிராஸ் கிடைத்தது. 1902-இல் கோல்செஸ்டரில் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றின் பகுதிகள் சீட்டில்லாத பொட்டலங்களாக நூறு வருடம் கைமாறியிருக்கின்றன. இதுவும் அப்படி ஒரு பொட்டலமாக இருக்கலாமே, இறந்த மனிதரை ஏன் இழுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நூறு வருடம் கைமாறிய பொட்டலத்தில் மண் இருக்காது, ஒட்டிய காசை யாராவது பிரித்திருப்பார்கள், கால் காசுகள் எப்போதோ காணாமல் போயிருக்கும். இதைச் சொன்னதும் அவர் ஒத்துக்கொண்டார், முழு மனதோடு இல்லை.

முதல் முடிவு, எதையும் விற்கக்கூடாது, பிரிக்கக்கூடாது. மரப்பெட்டியையும் சேர்த்துத்தான் நிறுத்தினோம். டப்பாவிலிருந்து நான்கு காசு பெட்டிக்குப் போயிருக்கிறது என்றால் வேறெதுவும் போகவில்லை என்று பேரேட்டை வைத்து ஒவ்வொன்றாக உறுதிசெய்ய வேண்டும். மகனுக்கு இது பிடிக்கவில்லை. முதியோர் இல்லக் கட்டணம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது, பதிவு. ஒவ்வொரு துண்டையும் தனி உறையில் போட்டு எண் கொடுத்தோம். எடை, விட்டம், முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் பின்பக்கம் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது, இரு பக்கப் படம். முழுப் பென்னிகள் 1.2 முதல் 1.45 கிராம்வரை இருந்தன. தேயாத காசு ஏறத்தாழ 1.46 இருக்கும், ஆக இது சரியான அளவு. மண்ணைத் தொடவில்லை. ஒட்டிய இரண்டையும் பிரிக்கவில்லை. டிஷ்யூ தாள், டப்பா, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம். குப்பை மாதிரித் தெரியும் இந்தச் சாமான்கள்தான் பின்னால் பேசும்.

மூன்றாவது, யாரிடம் போவது. போலீஸிடம் போகலாம் என்று ஒருவர் சொன்னார். அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு வட்டாரத்திலும், தொல்பொருள் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் திட்டத்தின் கீழ் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். 1997-இல் சோதனையாகத் தொடங்கி, 2003-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரிந்த திட்டம் அது. அவர்கள் தொல்லியல் ஆட்கள், மிரட்டுகிறவர்கள் அல்ல. தானாக முன்வந்து கொடுப்பவரிடம் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். மகனே தொலைபேசியில் பேசட்டும், நாங்கள் கூட இருக்கிறோம் என்று ஏற்பாடு. இரண்டு நாளில் பேசிவிட்டார். 900 பவுண்டு வியாபாரியிடமும் விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டார். வியாபாரி காரணம் கேட்கவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் ஒரு கருத்து உண்டு, இங்கே அது தேவையில்லை.

பேரேட்டின் கடைசிப் பக்கங்கள்

சீட்டுகளை ஒப்பிடப் பேரேட்டைப் புரட்டியபோது, அதன் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதத் தொடங்கிய மூன்று பக்கங்கள் கண்ணில் பட்டன. தேதி, இரண்டெழுத்துச் சுருக்கம், ‘மேட்டுப் பக்கம்’, பக்கத்தில் 1, 2, 1, 4 என்று எண்கள். தேதிகள் 2002 கடைசியிலிருந்து 2004 வசந்தம்வரை. எண்களைக் கூட்டினால் 43.

கடைசி வரிக்கு முந்தைய வரியில், பென்சிலில், ‘ஒரே பை?’ என்று எழுதியிருந்தார்.

இந்தக் கேள்விக்குறி குடும்பத்தைக் கலக்கியது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார் என்று படிக்கலாம். சந்தேகப்பட்டார், கேட்க யாருமில்லை என்றும் படிக்கலாம். அந்தப் பக்கங்கள் மரப்பெட்டிக் காசுகளைப் பற்றியவை அல்லவே, அவற்றை மட்டும் எடுத்துவிட்டுப் பேரேட்டைக் கொடுத்தால் என்ன என்று மகன் கேட்டார். கோபமாக இல்லை, கெஞ்சலாக. நாங்கள் மறுத்தோம். மனசாட்சி ஒரு காரணம் என்றாலும், நடைமுறைக் காரணம் அதைவிடப் பெரிது: எந்த வயல், எந்த மூலை, எந்த வரிசையில் கிடைத்தது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து அது. அதை வெட்டிவிட்டால் 43 காசும் ஊர்பேர் இல்லாத வெள்ளித் துண்டுகள். தவிர, தையல் பிரிந்த பேரேடு மரப்பெட்டியின் 96 காசுகளுக்கும் சேர்த்துச் சந்தேகத்தை உண்டாக்கும். இரண்டாவது காரணம் அவருக்கு உடனே புரிந்தது.

அந்த இரண்டெழுத்துச் சுருக்கம் யாருடைய பெயர் என்று தாயாரிடம் கேட்டார்கள். அவருக்கு ஞாபகம் இருந்தது. மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் சுற்றும் நண்பர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேற்றுச் செருப்போடு சமையலறைக்கு வருவாராம். அந்த நண்பர் உயிரோடு இருந்தார், 78 வயது.

மகன்தான் போய்ப் பார்த்தார். தொடர்பு அலுவலர் அப்படித்தான் ஆலோசனை சொல்லியிருந்தார்: முதலில் தெரிந்த முகம், அப்புறம் அலுவல். நண்பர் முதலில் கொதித்தார், திருடன் என்கிறாயா என்று. ஆறியதும் எல்லாவற்றையும் சொன்னார். நிலக்காரரிடம் வாய்வழி அனுமதி உண்டு. இரண்டு குளிர்காலம், ஒரே வயலின் ஒரே சரிவில், ஒருநாள் ஒன்று, ஒருநாள் இரண்டு. தனிக் காசு புதையல் அல்ல என்று அவர் சரியாகவே படித்திருந்தார். வெவ்வேறு நாளில் எடுத்தால் ஒவ்வொன்றும் தனிக் காசு என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். வகை கண்டுபிடிக்க இறந்தவரிடம் கொடுத்தார், அவர் வைத்துக்கொண்டார். பணம் கைமாறவில்லை.

வயலில் புதைந்த பை ஏர் முனையில் கிழிந்தால், காசுகள் ஆண்டுக்கு ஆண்டு உழவில் நகர்ந்து சரிவு முழுக்கப் பரவும். ஒரே நாளில் ஒரே குழியில் கிடைக்காது. சட்டம் நாளைப் பார்ப்பதில்லை, ஒன்றாக வைக்கப்பட்டவையா என்பதைத்தான் பார்க்கிறது. டிடெக்டர்காரர்களிடம் இந்தத் தவறான புரிதல் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு நடந்தவை

தொடர்பு அலுவலர் டப்பாவையும் உறைகளையும் ரசீது கொடுத்துப் பெற்றுக்கொண்டார். பேரேட்டின் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு பேரேட்டைத் திருப்பித் தந்தார். நண்பரின் வாக்குமூலத்தை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார். அறுவடைக்குப் பிறகு, நிலக்காரர் அனுமதியோடு சரிவைக் கட்டம் கட்டித் தேடியதில் இன்னும் ஆறு துண்டுகள் கிடைத்தன: நான்கு முழுப் பென்னி, இரண்டு அரை. பானை ஓடு எதுவும் இல்லை. துணிப்பையோ தோல்பையோதான் இருந்திருக்க வேண்டும். புதிய ஆறும் அதே காலத்தவை. ஒரே கண்டுபிடிப்பு என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

கொரோனர் விசாரணை ஓராண்டுக்கு மேல் கழித்து நடந்தது, அரை மணி நேரத்தில் முடிந்தது. 49 துண்டும் புதையல் என்று தீர்ப்பு. நண்பர் மீது வழக்குப் போடவில்லை. இதே காலத்தில் இன்னொரு வழக்கும் நடந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. 2015-இல் ஹெர்ஃபோர்ட்ஷயரின் லியோமின்ஸ்டர் அருகே ஆங்கிலோ-சாக்சன் காசும் வைக்கிங் வெள்ளியும் கொண்ட பெரும் புதையலை எடுத்து மறைத்து விற்ற இருவருக்கு, 2019 நவம்பரில் பத்தும் எட்டரையும் ஆண்டுகள் சிறை கிடைத்தது. அது திட்டமிட்ட திருட்டு; இது தப்பான புரிதல். ஆனால் முதல் பார்வையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், சீட்டில்லாத காசு, பேசாத ஆட்கள். வித்தியாசத்தைக் காட்டியது அந்த மூன்று பக்கங்கள்தான். மறைக்க நினைப்பவர் தேதியும் வயலும் எழுதி வைப்பாரா என்று விசாரணையில் கேட்கப்பட்டது.

உள்ளூர் அருங்காட்சியகம் வாங்க விரும்பியது. புதையல் மதிப்பீட்டுக் குழு 1,500 பவுண்டு மதிப்பிட்டது. துலக்கிய நான்குக்கும் மதிப்பு குறைத்துத்தான். வழக்கம்போல் பாதி நிலக்காரருக்கு, பாதி கண்டெடுத்தவருக்கு. தாமதத்துக்காக நண்பரின் பங்கில் பாதியைக் குறைத்தார்கள். அவருக்கு 375 பவுண்டு வந்தது. அதை இறந்தவரின் மனைவிக்குக் கொடுக்கப் பார்த்தார், அவர் வாங்கவில்லை. குடும்பத்துக்கு டப்பாவிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

மரப்பெட்டியின் கதை வேறு. சரிபார்ப்பு முடிந்ததும் நான்காம் மாதமே அதை விடுவித்துவிட்டோம். எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுவிடலாம் என்ற மகனைத் தடுத்து, ஏல நிறுவனம் ஒன்றின் வழியாகத் தனித்தனி எண்ணாக விற்றோம், பட்டியலில் ஒவ்வொரு காசோடும் அதன் பழைய சீட்டின் விவரம். பல காசுகள் ஏலத்தாரர் சொன்ன உத்தேச விலையைத் தாண்டின. 1960-களின் ஷில்லிங் விலை எழுதிய சீட்டு, அந்தக் காசு அண்மையில் எந்த வயலிலிருந்தும் களவாக வரவில்லை என்று சொல்லாமல் சொல்கிறது. அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். முதியோர் இல்லக் கட்டணம் கொஞ்ச காலத்துக்கு அதில் ஓடியது.

இப்போது மாறியிருப்பவை

சங்கத்தில் நடைமுறை மாறியிருக்கிறது. இறந்தவரின் தொகுப்பு வந்தால், சீட்டுள்ளதும் இல்லாததும் முதல் நாளே தனித்தனி. விலையைப் பற்றி, பட்டியல் முடியும்வரை, ஒரு வார்த்தை கிடையாது; விலை காதில் விழுந்த பிறகு நிறுத்தச் சொல்வது குடும்பத்துக்குக் கஷ்டம். துலக்காதீர்கள் என்ற ஒரு வரியை இப்போது விசாரிப்புக் கடிதத்துக்கான பதிலிலேயே போட்டுவிடுகிறோம். இந்த மகன் எங்களைக் கூப்பிட்டதற்கும் நேரில் வந்ததற்கும் நடுவில்தான் திரவத்தில் முக்கியிருக்கிறார். ஒரு வரி போயிருந்தால் நான்கு காசு தப்பியிருக்கும்.

உயிரோடு இருக்கும் உறுப்பினர்களிடமும் பேசத் தொடங்கியிருக்கிறோம், இதுதான் சங்கடமான பகுதி. நண்பர் கொடுத்தது, வயலில் கிடைத்தது, சும்மா வைத்திருப்பது என்று டப்பாக்கள் பல வீட்டில் உண்டு. உள்ளூர் டிடெக்டர் குழுவோடு சேர்ந்து ஒரு மாலைக் கூட்டம் போட்டு, வெவ்வேறு நாளில் எடுத்தாலும் ஒன்றாக வைக்கப்பட்ட காசுகள் ஒரே கண்டுபிடிப்புதான் என்பதை இந்த 49 துண்டுகளின் வரைபடத்தைக் காட்டி விளக்கினோம். 78 வயது நண்பரே முன்வரிசையில் உட்கார்ந்து, எங்கே எது கிடைத்தது என்று திருத்தம் சொன்னார். அடுத்த மாதத்தில் இரண்டு பேர் தங்கள் டப்பாக்களோடு தொடர்பு அலுவலரைப் பார்த்தார்கள். ஒன்று புதையல் இல்லை. வெவ்வேறு நூற்றாண்டுக் காசுகள். மற்றது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

எங்களுக்குள் தீராத விஷயம் ஒன்றுண்டு. மரப்பெட்டியைத் தனித்தனியாக விற்றதால் பணம் கூடுதலாக வந்தது, ஆனால் ஒருவர் 40 ஆண்டு பார்த்துப் பார்த்து அமைத்த தொகுப்பு கலைந்துபோனது. மூத்தவர் அதற்கு எதிர்ப்பு. குடும்பத்தின் தேவைதான் முதலில் என்பது என் கட்சி. பேரேட்டை மட்டும் ஏலத்துக்கு அனுப்பவில்லை. மகன் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார், தலைகீழான மூன்று பக்கங்களோடு. 96 காசுகளில் எதை வாங்கியவரும் அங்கே எழுதிக் கேட்டால் தம் காசின் பக்கத்துக்கு நகல் வாங்கிக்கொள்ளலாம். ஏலப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே அந்தக் குறிப்பைப் போடச் சொன்னோம்.